முதல் நாள் எட்டுக் கிலோமீட்டர் போதும்

திருவையாற்றிலிருந்து பூம்புகார் வரை காவிரியில் தனியாகத் தோணி ஓட்டிச் சென்றதைப் பற்றி இந்தப் பகுதியில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலானவர்கள் முதல் நாளைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை ஆற்றுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், எனக்கு வயது 27. வங்கியில் வேலை. பெங்களூரில் இருந்தபோது ஓர் ஏரியில் இரண்டு மாதம் கனோ என்ற துடுப்புத் தோணி ஓட்டக் கற்றேன். வரும் தை மாதம் உங்களைப் போலவே தனியாகக் காவிரியில் இறங்க ஆசை. நாளுக்கு 20 கிலோமீட்டர் வீதம் ஐந்து நாள் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். முதல் நாளை எப்படித் திட்டமிடுவது?
— வாசகி, மன்னார்குடி

முதல் நாளுக்கு எதிரே 20 என்று எழுதியிருப்பதை இப்போதே அடித்துவிட்டு 8 என்று எழுதுங்கள், அம்மா. நானும் 20 என்றுதான் எழுதி வைத்திருந்தேன். கபிஸ்தலத்தில் இறங்கிச் சமைப்பதாகத் திட்டம். கணபதி அக்ரகாரத்தைக்கூட எட்டவில்லை.

2023ஆம் ஆண்டு ஜனவரி 19, வியாழக்கிழமை. தியாகராஜர் ஆராதனை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது; பந்தல் கால் நட்ட குழிகள் இன்னும் மூடாமல் கிடந்தன. புஷ்ய மண்டபத் துறைக்குச் சற்றுக் கிழக்கே, குளிப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு மணல் சரிவில் தோணியை இறக்கினோம். சரக்கு ஆட்டோவில் அதை ஏற்றி வந்தவன் என் தம்பி. "அக்கா, மாலை ஆறு மணிக்கு போன் வரவில்லை என்றால் நான் கிளம்பி வந்துவிடுவேன்" என்றான். மணி ஆறே முக்கால். முழங்கால் தண்ணீரில் ஏறி உட்கார்ந்தேன். முதல் வளைவு வரை அவன் கரையோடு நடந்து வந்தான். பிறகு ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் முழுவதும் அடங்கும்வரை துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். தனியாகப் போவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். அந்தச் சில நிமிடங்களை நீங்களும் அவசரப்பட்டுத் துடுப்பு போட்டுத் தொலைத்துவிட வேண்டாம்.

ஏரியில் கற்றது உங்களுக்கு உதவும், ஆனால் பாதிதான். ஏரித் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். ஒரு பக்கமே துடுப்பு போட்டால் தோணி மறுபக்கம் திரும்பும் என்பதும், வலித்து முடிக்கிற இடத்தில் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி துடுப்பைத் திருப்பி வெளிப்பக்கம் லேசாகத் தள்ளினால் நேராகும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆற்றில் இதோடு காற்றும் சேர்கிறது. தை மாதத்தில் கிழக்கே போகிறவருக்குக் காற்று எதிரே வரும். எனக்குப் பத்து மணிக்குக் கொண்டல் எழும்பியது. தனியாள் பின்பலகையில் உட்கார்ந்தால் அணியம், அதாவது தோணியின் முன்தலை, தூக்கிக்கொள்ளும். காற்று அதைப் பிடித்து நம்மைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். நான் இருமுறை முழு வட்டம் சுற்றிய பிறகுதான் கரையில் ஒதுங்கி, பத்து லிட்டர் தண்ணீர்க் கேனையும் அரிசி மூட்டையையும் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். நடுவில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். உடனே தோணி சொன்னபடி கேட்டது. கீழே விரிக்கப் பழைய கோணிப்பை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் தேயாது.

அடுத்தது மணல். படகுக்கு முக்கால் அடித் தண்ணீர் போதும் என்பார்கள். அதுகூட இல்லாத இடங்கள் எத்தனையோ. இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோணியை நடத்திச் சென்றேன்; அன்றைய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு நடைதான். நடக்கும்போது கழியால் குத்திக் குத்திப் பார்த்தே அடி வைக்க வேண்டும். மணல் அள்ளிய குழிகள் மேலே ஒன்றும் காட்டாது. கணுக்கால் தண்ணீரில் நடக்கிறவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பார். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் இப்படிப் போகிறார்கள். தண்ணீருக்குள் நடக்கும்போதும் மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். வெயிலில் உடம்பு எரியும், எரியட்டும்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு படுக்கை அணை, அதாவது ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய தாழ்வான தடுப்புச் சுவர். மேலிருந்து பார்த்தால் ஓர் அடிதான் தண்ணீர் விழுகிறது, சறுக்கிவிடலாம் என்று தோன்றும். கூடாது. விழுந்த தண்ணீர் கீழே உருண்டு அணையை நோக்கியே திரும்பி வரும். அதில் அகப்பட்ட கட்டை மணிக்கணக்கில் அங்கேயே புரள்வதைப் பார்த்திருக்கிறேன். பாலத்தின் கீழும் கதவணையின் கீழும் இதே கதைதான். கரையேறித் தூக்கிச் செல்வதே வழி. என் தோணி 13 அடி நீளம், 24 கிலோ எடை. சாமானோடு சேர்த்து மூன்று நடை. இடையில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அதை அரிவாளால் ஒதுக்கி வழி செய்ய வேண்டியிருந்தது. அறுபது மீட்டரைக் கடக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. வீட்டில் உட்கார்ந்து போடும் கிலோமீட்டர் கணக்கில் இந்த ஐம்பது நிமிடம் வராது.

இரண்டு மணிக்கு நின்றுவிட்டேன். உடம்பில் தெம்பு இருந்தது, இன்னும் நாலு கிலோமீட்டர் போயிருக்கலாம். ஆனால் முதல் நாளில் எல்லா வேலையும் புதிது. கயிறு எந்தப் பையில், தீப்பெட்டி எந்த டப்பாவில் என்று கைக்குத் தெரியாது. ஒன்றைத் தேட ஐந்தைக் கலைப்போம். அதை வெளிச்சத்தில் செய்துகொள்ள வேண்டும்.

தென்கரையில் படுகை முழுவதும் வாழை. ஓரத்தில் ஒரு பம்புசெட் கொட்டகை. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவரிடம் போய், "ஐயா, இன்று இரவு இந்தத் திண்ணையில் தங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். "எந்த ஊர் அம்மா? கூட யாரும் வரவில்லையா?" என்றார். வரவில்லை என்றேன். சற்று நேரம் தோணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொட்டகைக்குள் இருந்த உரமூட்டைகளை அவரே ஓரமாகத் தள்ளிவிட்டு, "திண்ணை வேண்டாம். பனி இறங்கும். உள்ளே படு" என்றார்.

இப்போது நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். தோணியை மணலில் பாதி இழுத்துப் போட்டு, ஒரு முளை அடித்துக் கட்டியிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆற்றில் ஆள்காட்டிக் குருவி விடாமல் கத்தியது. யாரோ நடக்கிறார்கள் என்று தெரிந்தது. தை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. நெற்றியில் விளக்குக் கட்டிய இரண்டு பேர் வலையோடு வந்தார்கள். "யாருடைய படகு இது?" என்று குரல் கொடுத்தார்கள். "என்னுடையதுதான் தம்பி" என்றேன். பெண் குரல் கேட்டதும் விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார்கள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "அக்கா, சாயங்காலம் கல்லணையில் கூடுதலாகத் திறந்திருக்கிறார்கள். கடைமடைத் தாளடிப் பயிருக்குக் கடைசித் தண்ணீர். விடியற்காலை இங்கே ஏறும். படகை மேலே இழுத்து மரத்தில் கட்டுங்கள்." அவர்களே இழுத்தும் கொடுத்தார்கள். திருவையாற்றில் வாங்கிய அசோகா அல்வா ஒரு டப்பா இருந்தது. வாழை இலைக் கிழிசலில் ஆளுக்கு ஒரு கை வைத்துக் கொடுத்தேன்.

காலையில் போய்ப் பார்த்தேன். நான் அடித்த முளை தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருந்தது.

என் அப்பா வெண்ணாற்றில் ஒரு தலைப்பில், அதாவது தண்ணீரைப் பிரித்து விடும் கதவணையில், லஸ்கராக, கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக இருந்தவர். காலையும் மாலையும் அளவுக்கல்லைப் பார்த்து நோட்டில் எழுதுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட எனக்கே அன்று தோன்றவில்லை. மலைக்காட்டு ஆற்றில் மழை பெய்தால் தண்ணீர் ஏறும்; வானத்தைப் பார்த்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நம் ஆற்றில் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே தண்ணீர் ஏறும். எங்கோ ஒருவர் திருகைச் சுற்றிக் கதவைத் தூக்கியிருப்பார். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாளுக்கு மேல் ஆகும். நான் தோணியை இறக்கிய தண்ணீர் மேட்டூரை விட்டது பொங்கலன்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதனால் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே நாளிதழில் மேட்டூர் நீர்மட்டத்தையும் திறப்பு அளவையும் குறித்துக்கொண்டு வாருங்கள். வழியில் எந்தக் கதவணையைக் கண்டாலும் இறங்கி, பணியில் இருப்பவரிடம் "இன்று எவ்வளவு விடுகிறீர்கள், கூட்டுவீர்களா?" என்று கேளுங்கள். வழக்கமாக மேட்டூரை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீரும் சேர்ந்து ஓடும். அப்போது இறங்கவே கூடாது. பொங்கலுக்கும் ஜனவரி 28க்கும் இடைப்பட்ட நாட்கள்தான் உங்களுக்கு. அதற்குள்ளும் முறை வைத்து, சில நாள் விட்டுச் சில நாள் நிறுத்தும் ஆண்டு என்றால் தண்ணீர் இல்லாமல் போகலாம். அந்த ஆண்டு விட்டுவிடுங்கள், அடுத்த ஆண்டு போகலாம்.

ஐந்து நாளில் முடியாது. எனக்கு ஆறு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் தை அமாவாசை. கும்பகோணத்தில் படித்துறை எல்லாம் தர்ப்பணக் கூட்டம். தோணியை எதிர்க்கரையில் ஒதுக்கி மூன்று மணி நேரம் காத்திருந்தேன்.

அகலமும் தனிமையும் வேண்டுமென்றால் கொள்ளிடம்தானே சரியான ஆறு? முதலைக்குப் பயந்தா காவிரியில் போனீர்கள்?
— வாசகர், சிதம்பரம்

ஆமாம், பயந்துதான். அணைக்கரையைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பக்கம் வாய்க்காலிலும் குளத்திலும் ஏறி வருபவற்றைப் பிடித்து வனத்துறையினர் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது உங்களுக்கே தெரிந்த செய்தி. குளிர்காலக் காலையில் அவை வெயில் காய மணல் திட்டில் ஏறிக் கிடக்கும். தனியாகத் தோணியில் வருகிறவர் இளைப்பாறத் தேடுவதும் அதே மணல் திட்டைத்தான். அது அவற்றின் இடம். அங்கே நான் தனியாக இரவு தங்க மாட்டேன், யாரையும் தங்கச் சொல்லவும் மாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. காவிரி பாசன ஆறு, அளந்து விடுவார்கள். கொள்ளிடம் வெள்ளத்தைக் கொள்ளும் இடம். காவிரி தாங்காததை எல்லாம் அதில் தள்ளுவார்கள். 2018 ஆகஸ்டு மாதத்தில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும், திருச்சியில் பழைய இரும்புப் பாலம் இடிந்து விழுந்ததும் அந்த ஆற்றில்தான். வெள்ளம் இல்லாத நாளில் அதே ஆறு கண்ணுக்கெட்டிய மட்டும் மணலாகக் கிடக்கும். தோணிக்கு இரண்டுமே ஆகாது.

கனடாவில் இருக்கும் என் தம்பி அல்கோன்குயின் பூங்காவில் கனோவைத் தலைக்கு மேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு ஏரிக்கு ஏரி போகிறான். நாள் கணக்கில் ஆளையே பார்க்க மாட்டானாம். நம் பக்கம் அப்படி ஓர் இடம் இல்லையா? முத்துப்பேட்டை எப்படி?
— வாசகர், பட்டுக்கோட்டை

நம் பக்கம் அப்படி இல்லை. டெல்டாவில் எந்த இடத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டாலும் யாராவது "என்ன?" என்று கேட்பார்கள். இதைக் குறையாக நான் நினைக்கவில்லை.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஜாம்பவானோடையிலிருந்து கோரையாறு வழியாகப் போகலாம், வனத்துறை அனுமதியோடு, ஊர்ப் படகுக்காரர் துணையோடு. தனியாகப் போய் இரவு தங்கும் இடம் அல்ல அது. தண்ணீர் ஆழம் குறைவு, அடியில் சேறு. தோணி தட்டினால் இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தால் இடுப்பு வரை வாங்கிக்கொள்ளும். அலையாத்தியின் மூச்சு வேர்கள் ஆணி போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தில்லை மரத்தின் பாலோ கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் அந்தக் காடு பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அங்கே முளைக்கிற ஒவ்வொரு கன்றும் எனக்கு முக்கியம். துடுப்பு போடத் தெரிந்தவர்கள் எல்லாம் அதற்குள் இஷ்டத்துக்கு நுழைவதை நான் விரும்பவில்லை.

உங்கள் தம்பியிடமிருந்து ஒன்றை நானும் எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய கனோவின் நடுவில் தோளுக்கு ஏற்றபடி செதுக்கிய ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். கவிழ்த்துப் போட்டால் எடை முழுவதும் தோளில் இறங்கும், கை ஓயாது. தஞ்சாவூரில் ஒரு தச்சரிடம் அப்படி ஒன்று செய்து, துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். அது இல்லாவிட்டால் அந்தப் படுக்கை அணையை நான் தாண்டியிருக்க மாட்டேன்.

கனோவுக்குத் தமிழில் என்ன பெயர்?
— மாணவர், திருவாரூர்

நான் தோணி என்கிறேன். ஓடம் என்றால் எனக்கு ஆளை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவது நினைவுக்கு வருகிறது, பரிசல் வட்டமானது, வள்ளம் என்று கடற்கரையில் சொல்வது இதைவிடப் பெரியது. கட்டுமரத்தை உலகமே நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டது. கனோ என்றே எழுதினாலும் தவறில்லை, தம்பி.

என் மகள் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தானும் போக வேண்டும் என்கிறாள். நீங்கள் வயதில் மூத்தவர், ஊரில் மரியாதை உண்டு. வயசுப் பெண் தனியாக ஆற்றங்கரையில் இரவு தங்குவதை ஒரு தகப்பன் எப்படிச் சம்மதிப்பான்? பொறுப்போடு பதில் சொல்லுங்கள்.
— வாசகர், நீடாமங்கலம்

ஐயா, உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். உங்கள் பயம் நியாயமானது. அன்று இரவு எனக்கும் பயம் இருந்தது. வாழை இலை காற்றில் உரசும் சத்தம் ஆள் நடப்பதைப் போலவே இருக்கும். பதினோரு மணி வரை அரிவாளைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலைக்காரர்கள் நல்லவர்களாக இருந்தார்கள். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நான் உங்களுக்கு உறுதி தர முடியாது.

ஆனால் உங்கள் மகள் கேட்பது தண்ணீரையும் தன் கையையும் நம்பி ஒரு காரியம் செய்ய. அந்த ஆசையை வீட்டிலேயே அணைத்துவிட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரவுதான் கவலை என்றால் முதல் நாளை மட்டும் கொடுங்கள். காலை ஆறே முக்காலுக்குத் திருவையாற்றில் இறங்கட்டும். நீங்கள் பஸ்ஸிலோ வண்டியிலோ கும்பகோணம் சாலையில் போய், பிற்பகல் இரண்டு மணிக்கு எட்டாவது கிலோமீட்டர் பக்கம் கரையில் நில்லுங்கள். கூடவே போகாதீர்கள், வளைவுக்கு வளைவு எட்டிப் பார்க்காதீர்கள். அந்த ஏழு மணி நேரம் அவளுடையதாக இருக்கட்டும்.

அதற்கு முன் இரண்டு விஷயத்தை நீங்களே நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். புடவையோ சுடிதாரோ, உடுத்திய துணியோடு ஓடும் தண்ணீரில் அவள் குறுக்கே நீந்திக் கரை சேர வேண்டும். ஆழமான இடத்தில் தோணியை வேண்டுமென்றே கவிழ்த்து, அதைப் பிடித்துக்கொண்டே கரைக்கு உதைத்து வர வேண்டும். இரண்டையும் மூன்று முறை செய்து காட்டினால் அனுப்புங்கள். ஒன்று தவறினாலும் அடுத்த தை வரை நிறுத்தி வையுங்கள். அதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முதல் நாள் என்ன சாப்பிட்டீர்கள்?
— வாசகி, வலங்கைமான்

காலையில் இட்லி, மிளகாய்ப்பொடி தடவியது. மதியம் புளிச்சோறு, சுட்ட அப்பளம், தோணியில் உட்கார்ந்தபடியே. இரவு கஞ்சி வைக்க நினைத்து அடுப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெரியவரின் மனைவி தூக்குவாளியில் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். காலையில் வாளியைக் கழுவிக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.